வந்ததா? போனதா?



இன்று நான் பேச வந்திருப்பது ஐந்து நிமிடத்தைப் பற்றி. காலையில் சாவியைத் திருப்பியதிலிருந்து இன்ஜின் சூடேறும் வரை ஓடுகிற அந்த முதல் ஐந்து நிமிடம். கார்புரேட்டருக்குப் பின்னால் வந்த, கம்ப்யூட்டர் முழுக் குத்தகை எடுப்பதற்கு முன்னால் இருந்த பழைய பெட்ரோல் இன்ஜெக்ஷன் கார்கள் அந்த ஐந்து நிமிடத்தில் என்ன பாடுபடுகின்றன, நம்மை என்ன பாடு படுத்துகின்றன என்பதுதான் இன்றைய பொருள்.

புகார்களை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். "செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, வண்டிதான் பிடிக்க மாட்டேன் என்கிறது" என்பார் ஒருவர். "பிடிக்கிறது, ஆனால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஆஃப் ஆகிவிடுகிறது" என்பார் இன்னொருவர். "காலையில் ஒரு குறையும் இல்லை. கடைக்குப் போய்விட்டு வந்து சாவியைப் போட்டால் பத்துத் தடவை அடிக்க வேண்டியிருக்கிறது" என்பார் மூன்றாமவர். "சிக்னலில் நின்றால் ஐடிலிங் 1500-இல் நின்று கத்துகிறது, பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்க்கிறான்" என்பார் நான்காமவர்.

நான்கும் நான்கு வியாதி போலத் தெரிகின்றன. ஆனால் நான்கிற்கும் விசாரணையை ஒரே இடத்தில் தொடங்கலாம். எந்த இடத்தில்? அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

முதலில் குளிர் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். "சென்னையில் ஏது சார் குளிர்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 28 டிகிரி என்றால் நமக்குப் புழுக்கம், விசிறியைத் தேடுவோம். இன்ஜினுக்கோ? கூலன்ட் 80, 90 டிகிரியில் ஓடும் என்று கணக்குப் போட்டுச் செய்யப்பட்ட இயந்திரம் அது. ராத்திரி முழுக்க நின்ற வண்டிக்கு 28 டிகிரியும் குளிர்தான். ஸ்வீடனில் கழித்தல் 20 டிகிரி என்றால் கடுங்குளிர். நம் ஊரில் இளங்குளிர். அளவில்தான் வித்தியாசம்.

அந்தக் குளிரில் என்ன நடக்கிறது? பெட்ரோல் திரவமாக இருந்தால் எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று என்பது சரியான கலவை. சூடான இன்ஜினில் இந்தக் கணக்கு பலிக்கும். குளிர்ந்த இன்ஜினில் தெளிக்கிற பெட்ரோலில் பெரும்பகுதி மேனிஃபோல்டுச் சுவரிலும் சிலிண்டர் சுவரிலும் ஈரமாகப் படிந்துவிடுகிறது. செல்ஃப் சுற்றும் வேகமும் குறைவு. காற்று மெல்ல வருகிறது; துளிகளைச் சிதறடிக்கும் வலு அதற்கு இல்லை. கணக்குப்படி பெட்ரோல் உள்ளே போய்விட்டது, ஆனால் பிளக்கின் முனையில் பற்றிக்கொள்ள ஆவி இல்லை. ஈர விறகில் தீக்குச்சி கிழித்த கதைதான்.

சரி, எப்படியோ பற்றிக்கொண்டது என்று வையுங்கள். அடுத்த தொல்லை ஆயில். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும், உராய்வு அதிகம். சூடான நிலையில் 850, 900 சுற்றில் அலுங்காமல் நிற்கிற இன்ஜினுக்கு, குளிரில் அதே அளவு காற்றும் பெட்ரோலும் கொடுத்தால் போதாது. திணறும், நடுங்கும், நின்றுவிடும்.

ஆகவே, குளிர்ந்த இன்ஜினின் தேவை இரண்டே இரண்டு. கொஞ்ச நேரத்துக்குக் கூடுதல் பெட்ரோல். கொஞ்ச நேரத்துக்குக் கூடுதல் காற்று. கூடுதல் என்பதை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். கொஞ்ச நேரத்துக்கு என்பதை மறந்துவிடுகிறார்கள். என் பேச்சு முழுவதும் அந்த மறதியைப் பற்றித்தான்.

அம்பாசடரும் பத்மினியும் ஓட்டியவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சோக் குமிழ் இருக்கும். காலையில் அதை இழுத்துவிட்டு ஸ்டார்ட் செய்வோம். தெரு முனை தாண்டியதும் உள்ளே தள்ளுவோம். இழுத்ததும் நம் கை, தள்ளியதும் நம் கை. தள்ள மறந்தால் என்ன ஆகும்? கரும்புகை, பெட்ரோல் நாற்றம், பிளக்கில் கரி, மைலேஜில் ஓட்டை. இத்தனைக்கும் காரணம் சோக் கெட்டுப்போனதா? இல்லையே! சோக் நன்றாக வேலை செய்தது. வேலை முடிந்தும் அது போகவில்லை, அவ்வளவுதான்.

இன்ஜெக்ஷன் வந்தபோது அந்தக் கைக்கு வேலை போயிற்று. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-இல் டி-ஜெட்ரானிக் என்ற மின்னணு இன்ஜெக்ஷனை ஃபோக்ஸ்வாகன் 1600-இல் கொண்டுவந்தது. அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாடு இறுகத் தொடங்கிய காலம் அது. 1973-இல் கே-ஜெட்ரானிக் போர்ஷே 911-இல் வந்தது. பிறகு வோல்வோ 240, கோல்ஃப் ஜிடிஐ, மெர்சிடிஸ் 280ஈ என்று ஐரோப்பா முழுக்கப் பரவியது. அதே எழுபதுகளில் மின்னணு வழியில் எல்-ஜெட்ரானிக்கும் வந்தது. கே-ஜெட்ரானிக்கின் முதல் வடிவத்தில் பெட்ரோலை அளக்கக் கம்ப்யூட்டரே கிடையாது என்றால் மாணவர்கள் நம்ப மாட்டீர்கள். காற்று தூக்குகிற ஒரு தட்டு, அது தள்ளுகிற ஒரு சிறு பிஸ்டன், எதிரே அழுத்துகிற பெட்ரோல், இவ்வளவுதான் கணக்குப்பிள்ளை. ஹாலிவுட் படத்தில் காலத்தைத் தாண்டிப் பறந்த டெலோரியன் காரிலும் இருந்தது இதே கே-ஜெட்ரானிக்தான். படத்தில் அந்தக் கார் முக்கியமான நேரம் பார்த்து ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும். அது கதைக்காக வைத்தது. ஆனால் பழைய இன்ஜெக்ஷன் வண்டி வைத்திருந்தவர்கள் அந்த இடத்தில் சிரித்திருக்க மாட்டார்கள்!

சோக்கை இழுத்த கை போனது சரி, அந்தக் கை செய்த வேலை எங்கே போயிற்று? நான்கு பாகங்கள் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்வி கேட்போம். வந்ததா? போனதா?

முதலாவது, கோல்டு ஸ்டார்ட் இன்ஜெக்டர். த்ராட்டிலுக்குப் பின்னால், இன்டேக் மேனிஃபோல்டில் தனியாக ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் உள்ள இன்ஜெக்டர்களோடு இதற்குச் சம்பந்தம் இல்லை. செல்ஃப் அடிக்கும்போது மட்டும் கரண்ட் வரும். வந்தவுடன் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவாக மெல்லிய தூவலாகப் பெட்ரோலைத் தூவும். சாவியை விட்டதும் நின்றுவிடும்.

அப்படியானால் வெயிலில் நின்ற சூடான வண்டியில் செல்ஃப் அடித்தாலும் தூவுமா? தூவினால் பிளக் நனைந்து போகுமே! அதைத் தடுக்கத்தான் இரண்டாவது ஆள், தெர்மோ டைம் ஸ்விட்ச். இன்ஜின் பிளாக்கிலோ தண்ணீர் ஓடும் பாதையிலோ திருகி வைத்திருப்பார்கள். உள்ளே ஒரு பைமெட்டல் தகடு, அதைச் சுற்றி ஒரு சூடேற்றும் கம்பி. இன்ஜின் சூடாக இருந்தால் தகடு வளைந்து இணைப்பைத் துண்டித்திருக்கும். பல கார்களில் 35 டிகிரிக்கு மேல் இன்ஜெக்டருக்குக் கரண்ட் சுற்று முடியவே முடியாது. கழித்தல் 20 டிகிரியில் ஏறத்தாழ எட்டு விநாடி அனுமதிக்கும். வெப்பம் ஏற ஏற அந்த நேரம் குறையும்.

இந்த ஸ்விட்சை வடிவமைத்தவரின் புத்தியைப் பாருங்கள். சூடேற்றும் கம்பியை ஏன் வைத்தார்? வண்டி பிடிக்கவில்லை, நாம் விடாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்கிறோம் என்று வையுங்கள். இன்ஜின் சூடேறாது. ஆனால் அந்தக் கம்பி தகட்டைச் சூடேற்றி, சில விநாடிகளில் இன்ஜெக்டரை நிறுத்திவிடும். அதாவது வருவதற்கான வழியை வைத்தபோதே, போவதற்கான வழியையும் சேர்த்து வைத்துவிட்டார்.

மூன்றாவது, வார்ம் அப் ரெகுலேட்டர். இது கே-ஜெட்ரானிக்கில் மட்டும். அந்தச் சிறு பிஸ்டனை மேலிருந்து அழுத்துகிற பெட்ரோல் அழுத்தத்தை இதுதான் தீர்மானிக்கிறது. குளிரில் அழுத்தத்தைக் குறைக்கும். எதிர்ப்புக் குறைந்ததால் அதே காற்றுக்குத் தட்டு அதிகம் உயரும், பெட்ரோல் அதிகம் போகும். உள்ளே இருக்கும் பைமெட்டலை மின்சாரம் சூடேற்றச் சூடேற்ற, அழுத்தம் மெல்ல ஏறி ஏறத்தாழ 3.5 பாருக்கு மேல் நிலைகொள்ளும். எல்-ஜெட்ரானிக்கில் இந்த வேலையைக் கூலன்ட் வெப்பச் சென்சார் சொல்லக் கேட்டுக் கன்ட்ரோல் யூனிட் செய்கிறது. ஸ்டார்ட் ஆன முதல் அரை நிமிடத்தில் வெப்பத்தைப் பொறுத்து 30 முதல் 60 சதவீதம் வரை கூடுதல் பெட்ரோல் தரும் கணக்கு அதில் உண்டு.

நான்காவது, ஆக்சிலரி ஏர் வால்வு. த்ராட்டில் மூடியிருக்கும்போது அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு குறுக்குவழி. குளிரில் திறந்திருக்கும், கூடுதல் காற்று போகும், ஐடிலிங் 1100, 1200 என்று உயர்ந்து நிற்கும். உள்ளே இருக்கும் தகடு சூடேறியதும் துளையை மூடும். ஐடிலிங் தானாக இறங்கும்.

நான்கு பேரையும் அறிமுகம் செய்துவிட்டேன். இனி புகார்களுக்குத் திரும்புவோம்.

செல்ஃப் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை. கோல்டு ஸ்டார்ட் இன்ஜெக்டர் வந்ததா என்று கேளுங்கள். பிடித்து, இரண்டு மூன்று விநாடி ஓடி, செத்துவிடுகிறதா? இன்ஜெக்டர் வந்துவிட்டது, அடுத்த முறைக்காரரான வார்ம் அப் ரெகுலேட்டர் வரவில்லையோ என்று சந்தேகப்படுங்கள். ஓடுகிறது, ஆனால் காலை எடுத்தால் நிற்கிறதா? பெட்ரோல் வந்திருக்கிறது, காற்று வரவில்லை. ஆக்சிலரி ஏர் வால்வு மூடியபடியே இறுகியிருக்கலாம். சூடான பிறகும் ஐடிலிங் கத்துகிறதா? அதே வால்வு வந்தது, போகவில்லை. சூடான பிறகு கரும்புகையா? ரெகுலேட்டரின் சூடேற்றும் கம்பிக்குக் கரண்ட் போகிறதா பாருங்கள். கப்ளர் கழன்றிருந்தால், இன்ஜின் கொதித்தாலும் அது இன்னும் விடியற்காலை என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

கடைக்குப் போய்விட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாத அந்த மூன்றாவது புகார்? அதுதான் சுவையானது. கோல்டு ஸ்டார்ட் இன்ஜெக்டர் பழசாகி, மூடிய பிறகும் சொட்டுகிறது என்று வையுங்கள். நிறுத்திய வண்டியின் மேனிஃபோல்டில் பெட்ரோல் தேங்குகிறது. லைனில் நிற்க வேண்டிய அழுத்தமும் இறங்குகிறது. சூட்டில் லைனில் ஆவி கட்டுகிறது. குளிருக்கென்றே வைத்த பாகம், சூடான வண்டியைப் படுக்க வைக்கிறது! காலையில் ஸ்டார்ட் ஆவதால் அதன் மேல் யாருக்கும் சந்தேகமே வராது.

இப்போது ஒரு சங்கிலியைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். அந்த இன்ஜெக்டர் ஓட்டத்திலும் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ஐடிலிங்கில் இன்ஜினுக்குத் தேவையே கொஞ்சம் பெட்ரோல்தான். அதில் இந்தச் சொட்டும் சேர்ந்தால் கலவை கெட்டியாகிறது. புகை வருகிறது. பட்டறையில் என்ன செய்கிறோம்? கே-ஜெட்ரானிக்கில் 3 மில்லிமீட்டர் ஆலன் கீ போட்டுத் திருப்பும் மிக்சர் ஸ்க்ரூ ஒன்று இருக்கிறது. கை அரிக்கும். கொஞ்சம் திருப்பிப் பெட்ரோலைக் குறைக்கிறோம். புகை நின்றது, ஐடிலிங் சீரானது, கஸ்டமர் சிரித்தார், காசு கொடுத்தார். ரோட்டில் ஏறினால்? அங்கே இன்ஜின் கேட்கும் பெட்ரோல் அதிகம். சொட்டுகிற அளவு அதே சொட்டுதான். அது அந்தக் கணக்கில் பொருட்டே இல்லை. ஆனால் நாம் குறைத்தது எல்லா இடத்திலும் குறைந்துவிட்டது. பிக்கப் போயிற்று. மறுநாள் காலை குளிரில் ஸ்டார்ட்டிங்கும் போயிற்று. "பம்ப் வீக்" என்று பம்பை மாற்றுகிறோம். "ஃபில்டர் அடைப்பு" என்று ஃபில்டரை மாற்றுகிறோம். ஒரு சொட்டுக்காக எத்தனை ஆயிரம்! அந்தச் சொட்டு மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு சங்கிலி, நம் ஊருக்கே உரியது. கோடையில் வண்டி கொதிக்கிறது. "தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசு, நம்ம ஊருக்கு அது எதுக்கு?" கேட்டிருக்கிறீர்களா இல்லையா? கார்புரேட்டர் வண்டியில் அது ஓரளவு செல்லுபடியானது. வெப்பச் சென்சார் வைத்த இன்ஜெக்ஷன் வண்டியில்? ரோட்டில் ஓடும்போது இன்ஜின் 60 டிகிரியைத் தாண்டவே சிரமப்பட்டால், கன்ட்ரோல் யூனிட் நாள் முழுக்க வார்ம் அப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். சென்சாரும் நல்லது, யூனிட்டும் நல்லது, இன்ஜெக்டரும் நல்லது. போகச் சொல்லும் சூடுதான் வந்து சேரவில்லை. கொதிப்புக்குக் காரணம் ரேடியேட்டரில் இருக்க, தண்டனை மைலேஜுக்கு.

மாணவர்களே, அந்தச் சென்சாரை ஒரு நிமிடம் அருகில் வைத்துப் பாருங்கள். பழைய பாஷ் சென்சார்கள் பெரும்பாலும் 20 டிகிரியில் சுமார் 2500 ஓம் காட்டும். 80 டிகிரியில் சுமார் 300 ஓம். சூடு ஏற ஏறத் தடை இறங்கும். இன்ஜின் 80 டிகிரியில் இருக்கிறது. ஆனால் கப்ளருக்குள் பச்சை பிடித்து, அந்தப் பச்சையே ஆயிரம் ஓம் தடை சேர்க்கிறது. யூனிட் படிப்பது 1300. அதன் அகராதியில் 1300 என்றால் சுமார் 40 டிகிரி. சூடான இன்ஜினுக்குக் குளிர் வைத்தியம் நடக்கிறது. சென்சாரைக் கழற்றி மேசையில் வைத்து அளந்தால் நல்லதென்று சொல்லும். புதுச் சென்சார் போட்டாலும் குறை தீராது. அதனால் யூனிட்டின் கப்ளரிலிருந்து அளந்து பழகுங்கள். யூனிட்டுக்கு என்ன காதில் விழுகிறதோ அதை நீங்களும் கேளுங்கள்.

வந்ததா, போனதா என்று கேட்கப் பெரிய கருவி வேண்டுமா? வேண்டாம். ஆக்சிலரி ஏர் வால்வுக்கு ஒரு ஹோஸ் போகும். இன்ஜின் குளிராக ஓடும்போது அதை இடுக்கியால் அழுத்துங்கள். சுற்று இறங்க வேண்டும். இறங்கினால் வந்திருக்கிறது. நன்றாகச் சூடான பிறகு மறுபடி அழுத்துங்கள். அசைவே இருக்கக் கூடாது. அசைவில்லை என்றால் போய்விட்டது. ஒரு ஹோஸ், இரண்டு அழுத்தல், முழு ஜாதகம்!

கோல்டு ஸ்டார்ட் இன்ஜெக்டருக்கு ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும். திறந்த இடத்தில் செய்யுங்கள், தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும், பீடி தூரத்தில் இருக்கட்டும். இக்னிஷனைத் துண்டித்துவிட்டு, பெட்ரோல் லைனும் கப்ளரும் மாட்டியபடியே இன்ஜெக்டரை மேனிஃபோல்டிலிருந்து கழற்றிப் பாட்டிலுக்குள் நுழைத்துவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினில் செல்ஃப் அடித்தால் கூம்பு வடிவில் பூமாரியாகத் தூவ வேண்டும். நூலாக ஒழுகினால் ஆகாது. சில விநாடிகளில் தானே நிற்க வேண்டும். பிறகு கப்ளரைக் கழற்றி, மூக்கைத் துடைத்து, பம்பை மட்டும் ஓடவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். ஒரு சொட்டும் திரளக் கூடாது. திரண்டால், சங்கிலியின் முதல் கண்ணி உங்கள் கையில்.

ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் முப்பது டிகிரிக் காலையில் தெர்மோ டைம் ஸ்விட்ச் அந்த இன்ஜெக்டருக்குத் தருவதே ஓரிரு நொடிதான். அது செத்துக் கிடந்தாலும் வண்டி எப்படியோ பிடித்துவிடும். அதே வண்டியை மார்கழியில் உதகைக்கு ஓட்டிப் போய் ஓர் இரவு வெளியே நிறுத்துங்கள். விடியற்காலையில் மானம் போகும். மலை காரைக் கெடுத்துவிட்டது என்பார்கள். மலை எதையும் கெடுக்கவில்லை. சமவெளி மூடி வைத்ததைத் திறந்து காட்டியது.

பின்னால் வந்த வண்டிகளில் இந்தப் பாகங்கள் மெல்ல மறைந்தன. 1979-இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்த மோட்ரானிக் இக்னிஷனையும் பெட்ரோலையும் ஒரே மூளையின் கீழ் கொண்டுவந்தது. அதன் பின் தலைமுறைகளில் தனி இன்ஜெக்டருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. எல்லா இன்ஜெக்டர்களையும் நீண்ட நேரம் திறந்து வைத்தே கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலைக் கொடுத்தது. காற்றுக்கு ஐடில் கன்ட்ரோல் வால்வு வந்தது. ஆனால் அந்த வால்விலும் ஆயில் ஆவி படிந்து கரி இறுகினால்? வரும், போகாது. அல்லது வரவே வராது. பெயர் மாறியது, கேள்வி மாறவில்லை.

நிறைவாக ஒரு வேண்டுகோள். இது மெக்கானிக்குக்கும் உண்டு, வண்டி உரிமையாளருக்கும் உண்டு. காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று படாதபாடு பட்டு ஸ்டார்ட் செய்கிறோம். ஐந்து கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகிறோம். மெக்கானிக் சாவியைப் போடுகிறார். அரைச் சுற்றில் பிடிக்கிறது! "ஒண்ணுமில்லையே சார், நல்லாத்தானே இருக்கு?" யார் மேல் தப்பு? இன்ஜின் குளிராக இருந்தது ஒன்றுதான் சாட்சி. வழியிலேயே அதைச் சூடாக்கி அழித்துவிட்டோம். ஆகையால் உரிமையாளர்களே, முந்தின நாள் மாலையே வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போங்கள். மெக்கானிக் தோழர்களே, காலையில் கடை திறந்ததும் டீக்குப் போவதற்கு முன்னால், வேறு யாரும் அந்தச் சாவியைத் தொடுவதற்கு முன்னால், பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நீங்களே முதல் செல்ஃப் அடியுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் வந்ததா என்று பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்துப் போனதா என்று பாருங்கள். இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்கும் வரை ஆலன் கீ பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.